பொன்மணிக்கு ஒரு பிறந்தநாள்

சங்கரன்கோவிலில் கல்யாணத்துக்கோ சடங்குக்கோ சேலை எடுக்க வருகிறவர்கள் கடைக்குள் நுழைந்ததும் "பொன்மணியக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவு அவள் பொறுப்பு. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தம்பி மாரிராஜ் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவனை ஆளாக்கி, கோகிலாவைக் கட்டிவைத்து நிமிர்ந்து பார்த்தால், அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் எல்லாம் இரண்டாம் தாரமாகக் கேட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டாள். அதற்காக மூலையில் உட்கார்ந்து அழவுமில்லை. கழுகுமலை ரோட்டில் ஒரு மாடிவீட்டை வாடகைக்குப் பிடித்துத் தனியாகக் குடியேறினாள்.

இந்த ஆண்டு மாரிராஜின் சின்ன மகளுக்கு ஐந்தாம் பிறந்தநாள் கொண்டாடினார்கள். வந்த பிள்ளைகளுக்கெல்லாம் பொன்மணி மிட்டாய்ப் பை கொடுத்துக்கொண்டிருந்தாள். பிறந்தநாள்காரி வந்து முந்தானையை இழுத்தாள்.

"அத்தை, ஒனக்கு எப்போ ஹேப்பி பர்த்டே?"

கோகிலா அந்தப் பக்கமிருந்து சிரித்தாள். "அத்தைக்கு இனிமே எதுக்கு பர்த்டே?"

அவள் கெட்ட மனசோடு சொல்லவில்லை. பொன்மணியும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது அந்த வார்த்தை கூடவே வந்தது. வருகிற ஆடியில் ஐம்பது முடிகிறது. ஊரில் எத்தனையோ பேர் விசேஷத்துக்குச் சேலை விரித்துக் காட்டியிருக்கிறாள். தனக்கென்று ஒரு விசேஷம் வந்ததே இல்லை. வந்தால் என்ன?

மறுவாரமே பெரிய பேனர் வைத்திருந்த பிரவின்ராஜின் ஆபீசுக்குப் போனாள். பிறந்தநாள் விழா எடுத்துக் கொடுக்கிற இளவட்டம். ஏசியைக் கூட்டி வைத்து, உட்காரச் சொன்னான்.

"பாப்பா பேர் சொல்லுங்க மேடம், பேனர்ல போடணும்."

"பொன்மணி."

"பழைய பேரா இருக்கே. எத்தனாவது பர்த்டே?"

"அம்பது."

விழித்தான். "ஓ, அம்மாவுக்குச் செய்யுதீங்களா?"

"எனக்குத்தான்."

சிரிப்பை அடக்கினான். அடக்கியது நன்றாகவே தெரிந்தது. அப்புறம் அவள் கேட்டதற்கெல்லாம் ஒரே பதில்தான். கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுநாள் வைக்க முடியுமா? பண்ணிரலாம். மண்டபம் கிடைக்குமா? பண்ணிரலாம். மொட்டை மாடியில் வைத்தால்? அதையும் பண்ணிரலாம். போதாக்குறைக்கு, "ரீல்ஸ் போட்டுருவோம் மேடம், ஊரே பாக்கும்" என்றான்.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டாள். சேலையைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் சாயம் போகாது என்று சத்தியம் செய்கிற கடைக்காரர்களை அவளுக்குத் தெரியும்.

கூட வேலை பார்க்கும் ராஜகுமாரியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். ராஜகுமாரி தன் பேரனுக்கு, வீட்டிலிருந்தே விழா எடுத்துக் கொடுக்கிற ஷாஹின் பானுவை வைத்துத்தான் பிறந்தநாள் கொண்டாடியிருந்தாள்.

"அங்கன என்ன தப்பு நடந்துச்சு, அதச் சொல்லு" என்றாள் பொன்மணி.

"கேக்கு வர லேட்டாச்சு. ஆனா நாம கேக்குறதுக்கு முந்தி அவளே போன் போட்டுச் சொல்லிட்டா. பொய் சொல்லல."

அது போதும் என்று தோன்றியது.

பானுவுக்குக் கடையநல்லூர். புருஷன் சவுதியில். பிள்ளைகள் படிப்புக்காகச் சங்கரன்கோவிலில் வீடெடுத்து இருந்தாள். முன்னறை முழுக்கக் காகிதப் பூவும் துணிச்சுருளுமாகக் கிடந்தது. ஒதுக்கிவிட்டு நாற்காலி போட்டாள்.

"யாருக்குக்கா?"

"எனக்குத்தான்."

"சரி. ஒங்களுக்கு என்ன கலர் புடிக்கும்?"

அவ்வளவுதான் கேட்டாள். நாள் முழுக்க அடுத்தவர்களிடம் இதே கேள்வியைக் கேட்கிற பொன்மணி, கிடந்த துணிச்சுருள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். "மாம்பழ மஞ்சள்" என்றாள். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது.

பானு தேதியைக் கேட்டதும் பொன்மணி கதையாகவே சொன்னாள். சர்டிபிகேட்டில் இருப்பது வாத்தியார் போட்ட தேதி. தபசுக் காட்சி பார்க்கக் கூட்டத்தில் நின்றிருந்த அம்மாவுக்கு வலி கண்டு, மறுநாள் விடியும்போது பிறந்தவள் அவள். பானு சிரித்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"தபசுக்கு மறுநாள்னா மண்டபம் கெடைக்காதுக்கா. வண்டியும் உள்ள வராது. மொட்டை மாடியும் வேண்டாம், ஆடிக் காத்து எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிரும். இப்ப ஆமான்னுட்டு அன்னைக்கு நான் முழிக்கப்படாதுல்லா?"

"அப்ப என்ன செய்ய?"

"வீட்டுக்குள்ளயே வைப்போம். வேண்டியவங்கள மட்டும் கூப்புடுங்க. நெருக்கி உக்காந்துக்கிடலாம்."

பொன்மணி தயங்கினாள். "யாருட்டயும் சொல்லாத, என்ன? தம்பிக்குத் தெரிஞ்சா ஒரு மாதிரி பேசுவான்."

"நான் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்லிருங்கக்கா. தம்பி இல்லாம கேக்கு வெட்டிட்டுப் பொறவு வருத்தப்படுவீங்க."

சொன்னாள். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாரிராஜ் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். "என்னக்கா இது? அறுவதாங் கல்யாணம்னாலும் சரி. இதுக்கு ஊரு சிரிக்காதா?" சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. கோகிலா அவனை முறைத்தாள்.

பொன்மணி எழுந்து செருப்பை மாட்டினாள். "சிரிக்கட்டும்ல. ஒனக்கு வரணும்னு தோணுனா வா."

தபசுக்கு மறுநாள் ஊரே கால் ஓய்ந்து கிடந்தது. பானு வேண்டிய சாமான்களைத் திருவிழாவுக்கு முந்தியே மாடிவீட்டில் கொண்டுவந்து போட்டிருந்தாள். மதியத்துக்குமேல் வந்து, சுவரில் மாம்பழ மஞ்சள் துணியை மடிப்பு மடிப்பாகக் கட்டி, நடுவில் பிச்சிப்பூச் சரங்களைத் தொங்கவிட்டாள். சேலைப் பிரிவுப் பெண்கள் வந்து சேர்ந்த நேரத்தில் கரண்ட் போனது. காற்றில் எங்கோ மரம் விழுந்துவிட்டதாம்.

"பாட்டு போட முடியாதுக்கா. இது நான் நெனச்சுப் பாக்கல, எம் மேலதான் தப்பு" என்றாள் பானு.

"பாட்டுக்கு என்னட்டி, நாங்க இல்லையா?" என்று ராஜகுமாரி ஜன்னலைத் திறந்துவிட்டாள். காற்று உள்ளே வந்து பிச்சிப்பூ வாசத்தை அறை முழுக்கப் பரப்பியது. பெண்கள் கைதட்டிப் பாடத் தொடங்கினார்கள். ஆளுக்கொரு ராகம்.

கத்தியைக் கையில் எடுத்தபின்னும் பொன்மணி வாசலைப் பார்த்தாள். வெட்டலாமா என்று ராஜகுமாரி கேட்டாள். "கொஞ்சம் பொறு" என்றாள். படியில் குழந்தைச் சத்தம் கேட்டது. சின்னவள் முதலில் ஓடிவந்தாள், அவளுக்குப் பின்னால் கோகிலா. மாரிராஜ் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றான்.

"உள்ள வால. வெட்டப் போறேன்."

கேக்கை வெட்டினாள். "மொதத் துண்டு யாருக்குக்கா?" என்று எல்லாரும் கத்தினார்கள். தம்பிக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். அவனும் ஓரடி முன்னால் வந்தான். பொன்மணி துண்டைப் பார்த்தாள். பிறகு அதைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள்.

முதலில் கோகிலா கைதட்ட, அறையே அதிர்ந்தது. சிரிக்கத் தொடங்கிய மாரிராஜ் பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அடுத்த துண்டை அவனுக்கு ஊட்டினாள். அதற்கடுத்ததை, வேண்டாம் வேண்டாம் என்று பின்வாங்கிய பானுவின் வாயில் திணித்தாள்.

கிளம்பும்போது மாரிராஜ் படியில் நின்று சொன்னான். "அடுத்த வருசம் நம்ம வீட்டுல வைப்போம்க்கா. நான் பாத்துக்கிடுதேன்."

"வேண்டாம்ல. இங்கனதான் வைப்பேன்" என்றாள் பொன்மணி. "பானுட்ட இப்பவே சொல்லிட்டேன்."