வாசலிலிருந்து வாசலுக்கு

திருத்தங்கல் டிக்கெட் ஆபீஸ் பாக்கியம் அக்கா இறந்துவிட்டார் என்று அவருடைய தங்கை மகள் போனில் சொன்னாள். "எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அழுகை வந்தது.

பட்டாசு ஆர்டர் பிடிக்க வடக்கே போகும் எங்களுக்கெல்லாம் விமான டிக்கெட் எடுத்துத் தந்தவர் அவர். தான் ஒருநாளும் விமானம் ஏறியதில்லை. ஆனால் டெல்லிக்கும் சென்னைக்கும் ஆகாயத்தில் ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் என்று பக்கத்துத் தெருவுக்கு வழி சொல்வதுபோலச் சொல்வார். "வானத்துல ரெண்டே முக்கால் மணி நேரந்தான் தம்பி. ஒங்க வாசல்ல இருந்து அவுக வாசலுக்கு எம்புட்டு நேரம்னு கேளுங்க" என்பார். அந்தக் கணக்கு பிசகியதில்லை. அவரிடம் டிக்கெட் எடுத்து, இன்று அவருக்காக இங்கே கூடியிருக்கும் உங்களுக்கும் அது தெரியும்.

ஒருமுறை நான் கம்பெனியில் கிடந்த பையிலேயே துணிகளை அடுக்கிக்கொண்டு மதுரை விமான நிலையம் போனேன். பட்டாசு மருந்து தூசியாக ஏறிப்போன பை. சோதனையில் நிறுத்திவிட்டார்கள், விமானம் போய்விட்டது. "மருந்துப் பையோட பிளேன் ஏறப் போன மொத ஆளு நீங்க இல்ல. நம்ம ஊருக்காரகளுக்குன்னே ஒரு மணி நேரம் சேத்துப் போடணும் போல" என்றார் அக்கா. அன்றிலிருந்து உண்மையாகவே சேர்த்துப் போட்டார்.

நான் டெல்லியில் இருந்த ஒரு நாள், விடியும்போது அப்பா இறந்துபோனார். நான் ஒரே மகன். சென்னையில் விமானம் மாறி, மதுரையில் இறங்கி, எங்கள் ஊர் நாரணாபுரம் வந்துசேர மாலை ஆறு ஆகும் என்று பாக்கியம் அக்கா போனில் சொன்னார். "பைய அங்கனயே போட்டுட்டு வெறுங்கையோட வாங்க." பொழுது சாயுமுன் எரியூட்டுவது எங்கள் தெரு வழக்கம். நாலு மணிக்கு மேல் பொறுக்க முடியாது, சித்தப்பா மகன் கொள்ளி வைக்கட்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

நான் போய் இறங்கியபோது ஆறுக்குப் பத்து நிமிடம். பாடை தயாராக இருந்தது. அப்பாவின் முகத்தை இன்னும் மூடவில்லை. ஆண்கள் கூடி நின்ற தெருவில், அவர்கள் நடுவே அக்கா நின்றார்.

சித்தப்பா பிறகு சொன்னார்: "அந்தம்மா மொதல்ல நாலு மணிக்கு வந்துருவான்னாக. நாலரைக்கு, விருதுநகர் தாண்டிட்டான்னாக. அஞ்சுக்கும் அதையேதான் சொன்னாக. எதுக்கு இப்படிப் பொய் சொல்றீகன்னு நானே சத்தம் போட்டேன்."

நாலரைக்கு நான் மதுரை விமான நிலையத்து வாசலில் கார் ஏறிக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் முடிந்து, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். யாருக்கோ டிக்கெட் எழுதிக்கொண்டே பதில் சொன்னார். "ஆறுன்னு நெசத்தச் சொல்லியிருந்தா அப்பவே தூக்கியிருப்பாக. ரெண்டு மணி நேரம் யாரு தருவா? அர மணி அர மணியாக் கேட்டாத் தருவாக."

சொன்ன நேரம் தப்பாது என்பதுதான் அந்த மனுஷிக்கு இருந்த ஒரே பெருமை. அதை எங்கள் தெரு முழுக்கப் பார்க்க விட்டுக்கொடுத்து, ஏச்சு வாங்கிக்கொண்டு, இரண்டு மணி நேரம் நகராமல் நின்றிருக்கிறார். நினைக்கும்போதெல்லாம் மலைத்துப்போகிறேன். எனக்கு அந்தத் துணிவு வராது.

அப்பாவின் கடைசி முகம் என்னிடம் இருக்கிறது. அது பாக்கியம் அக்கா தந்தது.