குண்டுக்கு நிரப்பிய குடங்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை. முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெருவுக்குப் பல நாளாகத் தண்ணீர் லாரி வரவில்லை. அன்று வந்த லாரியும் நிற்காமல், தெருவுக்குப் பின்னாலிருந்த துப்பாக்கி சுடும் மைதானத்துக்குள் போனது. காலிக் குடத்தோடு பின்னாலேயே ஓடினேன்.

உள்ளே லாரித் தண்ணீரைப் பிளாஸ்டிக் குடங்களில் நிரப்பி வரிசையாக வைத்தார்கள். நகைக்கடை முதலாளி ஒருவர் கைத்துப்பாக்கியால் சுட்டார். ஒரு குடம் வெடித்து, தண்ணீர் மண்ணில் ஓடியது.

"இன்னா சார் பண்றீங்க?" என்று கத்தினேன்.

"புதுத் தோட்டாம்மா. வீட்ல திருடன் புகுந்தா சுடணுமே! உடம்புல எவ்ளோ ஆழம் போகும்னு தண்ணில சுட்டுப் பாக்குறோம்."

"புள்ளைக்குக் கஞ்சி காய்ச்சத் தண்ணி இல்ல. நீ தண்ணியச் சுட்டுகினு கீறியா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. துப்பாக்கிக்கு முன்னால் நடந்துபோய், என் காலிக் குடத்தை வைத்துவிட்டு, நிறைந்த குடம் ஒன்றைத் தூக்கி இடுப்பில் வைத்தேன்.

"ஏய் திருடி! கீழ வை!"

"திருடின்னா சுடு. அதுக்குத்தான சுட்டுப் பாத்த?"

அவர் சுடவில்லை. நானும் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தேன்.

அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. திருடனுக்கென்று வாங்கிய தோட்டா உண்மையில் யாருக்கு என்று, அந்தக் குடத்தைத் தூக்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது.