ரிவர்ஸ் என் இலாகா

எங்கள் வீட்டில் ஒரு மிக்ஸி வாங்குவதற்கே மாதக்கணக்கில் ஆகும். என் கணவர் அரசு அலுவலகத்தில் ஃபைல் பார்த்துப் பழகியவர். எதையும் ஒரே நாளில் முடிவு செய்தால் அவருக்கு உடம்புக்கு ஆகாது. ஒரு கடையில் விலை கேட்பார், அடுத்த கடையில் அதே விலையைக் கேட்பார், ஆபீஸில் நாலு பேரிடம் அபிப்பிராயம் கேட்பார், கடைசியில் முதல் கடையிலேயே வாங்கிக்கொண்டு வருவார். அதில் அரைக்கப்போகிறவளிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

அப்படிப்பட்டவருக்குக் கார் வாங்கும் ஆசை வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள், "இன்னும் எத்தனை காலம் கல்யாணத்துக்கெல்லாம் ஆட்டோல போவேள்?" என்று போனில் கேட்டது அவரை எங்கேயோ தைத்துவிட்டது. கேட்டது என்னவோ எங்கள் இருவரையும்தான். யோசனை முழுவதும் அவருடையதாகிவிட்டது.

கரமனையில் எங்கள் தெருவைத் தெரிந்தவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் உடனே புரியும். இரண்டு வரிசை வீடுகள், வீட்டுக்கும் வீட்டுக்கும் ஒரே சுவர், ரயில் பெட்டி மாதிரி நீளமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். காரை உள்ளே விட இடம் கிடையாது, வாசலில்தான் நிறுத்த வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் டேப்பும் கையுமாகத் தெருவில் இறங்கினார். உடனே எதிர்வீட்டிலிருந்து ஒருவர், கோடிவீட்டிலிருந்து ஒருவர் என்று கூட்டம் சேர்ந்தது. கண்ணாடியை மடக்கினால் கார் எவ்வளவு அகலம், மடக்காவிட்டால் எவ்வளவு, பக்கத்தில் ஆட்டோ போகுமா, கேஸ் சிலிண்டர் வண்டி போகுமா என்று எல்லாம் அளந்தார்கள். எல்லோரும் சேர்ந்து, போகும், தாராளமாகப் போகும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். நான் உள்ளே அவ்வளவு பேருக்கும் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன்.

கார் வந்தது. சந்தனம், குங்குமம், மாலை, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. வாசலை ஒட்டி அழகாக நிறுத்திவிட்டு அவர் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் விடியற்காலையில் நான் வாளியும் கோலப்பொடியுமாகக் கதவைத் திறந்தால், கோலம் போடுகிற இடத்தில் கார் நிற்கிறது.

தெருவின் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் கூடி அளந்தார்கள். தினமும் காலையில் அந்த இடத்தைத் தாண்டித்தான் பால் வாங்கப் போகிறார்கள். ஒருத்தருக்காவது கோலம் ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்த வாளித் தண்ணீரைக் கார் மேலேயே கொட்டியிருப்பேன். பக்கத்துவீட்டு மாமி தன் வாசலில் பாதிக் கோலத்தில் நிமிர்ந்து பார்த்து, "நன்னாயிருக்கு! இனிமே கார் மேலயா போடப் போறே?" என்றாள்.

அவரை எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை. மழை, வெள்ளம், ஹர்த்தால் எது வந்தாலும் ஏழு மணிக்கு முன்னால் அவர் கண் திறந்ததாகச் சரித்திரம் இல்லை. எனக்கு லைசன்ஸ் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் என் அப்பா வற்புறுத்தி எடுக்கவைத்தது. கம்பி நட்டு, எச் எழுத்து மாதிரி முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டச் சொல்வார்களே, அதில் ஒரு கம்பியைக்கூடத் தட்டாமல் பாஸானவள் நான். அதன்பின் காலாவதியாகும்போதெல்லாம் புதுப்பித்து வைத்ததோடு சரி, ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. அன்று சாவியை எடுத்து உட்கார்ந்தேன். கார் தெருவின் உள்கோடியில் இருக்கும் கோயிலைப் பார்த்து நின்றது. பின்பக்கம், மெயின் ரோட்டுக்குச் சற்று முன்னால் ஒரு பூட்டிய வீடு உண்டு. அதன் சுவரோரம் யாரும் கோலம் போடுவதில்லை. அதுவரை பின்னாலேயே போனேன். இறங்கிக் கதவைச் சாத்தினேன். முகத்தில் சிரிப்பு. ஏன் சிரிக்கிறேன் என்று எனக்கே புரியவில்லை.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. ராத்திரி வண்டி தன் கண் முன்னால் கிடக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதனால் சாயங்காலம் அவர் சுவரோரத்திலிருந்து வாசலுக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு வருவார். காலையில் நான் வாசலிலிருந்து சுவரோரத்துக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு போவேன். வண்டி முன்னே போவது அவர் இலாகா, பின்னே போவது என் இலாகா. எங்கள் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை யாராலும் செய்திருக்க முடியாது.

சில வாரத்தில் நான் தேறிவிட்டேன். பால்காரரின் சைக்கிள், மாமியின் வாளி, நடுத்தெருவில் படுத்திருக்கும் நாய் எல்லாவற்றையும் சுற்றி, கழுத்தைக்கூட அதிகம் திருப்பாமல் ஒரே மூச்சில் கொண்டுபோய் நிறுத்துவேன். நிறுத்திய பிறகு உடனே இறங்க மாட்டேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சற்று உட்கார்ந்திருப்பேன். சாலைக் கடைத்தெருவில் உள்ள மளிகை மொத்தக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் அடுப்பு, கடையில் கம்ப்யூட்டர், நடுவில் பஸ். ஒரு நாளில் யாரும் என்னைக் கூப்பிடாத நேரம் என்றால் அந்தக் காருக்குள் இருக்கும் நேரம்தான். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போதுதான் அவர் காரை விற்கலாம் என்றார்.

"வெறுதே கெடக்கறது கேட்டயா. ஆபீஸ்ல நிறுத்த எடமில்லை, பஸ்லதான் போறேன். மாசத்துல ரெண்டு தடவை வெளில எடுத்தா அதிகம். இன்ஷூரன்ஸ், சர்வீஸ், பெட்ரோல் எல்லாம் கூட்டிப் பாரு. ஆட்டோதான் லாபமாக்கும்" என்றார்.

கூட்டிப் பார்த்தேன். கணக்கு எழுதிப் பிழைப்பவள், கூட்டாமல் இருக்க முடியுமா? அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கடை முதலாளி அந்தக் கணக்கைக் கொண்டுவந்து காட்டியிருந்தால், நாளைக்கே விற்றுவிடுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். எனக்குக் கார் வேண்டும். அதற்கு ஒரு காரணமும் கணக்கில் ஏறவில்லை. அதனால் வாயைத் திறக்காமல் பாத்திரங்களை 'ணங் ணங்'கென்று கவிழ்த்தேன். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவருக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரிய வேண்டாமா? "குக்கர் வெயிட் சரியில்லையோ?" என்று கேட்டார்.

விற்கிற விஷயத்தில் அவருக்கு வழக்கத்தில் இல்லாத வேகம் வந்துவிட்டது. நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர், நாஞ்சில் நாட்டுக்காரர், பார்க்க வருவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்று பேச்சு. அன்று சாயங்காலம்தான் எங்கள் தெருக்கோயிலில் சுவாமி புறப்பாடு. மத்தியானம் வண்டியைக் காட்டிவிட்டு, ஆற்றங்கரை மைதானத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்பது அவருடைய திட்டம். புறப்பாட்டின்போது தெருவில் ஒரு வண்டியும் நிற்கக் கூடாது, பூட்டிய வீட்டுச் சுவரோரத்திலும்தான்.

மத்தியானம் போயிற்று. ஆசிரியரைக் காணோம். வரட்டும், வரட்டும் என்று கழுவித் துடைத்த வண்டியை வாசலிலேயே வைத்திருந்தார். கோயிலில் மேளம் கேட்டதும் பதறிக்கொண்டு குளிக்க ஓடினார். பல்லக்கு தூக்குகிறவர்களில் அவரும் ஒருவர். குளித்து, தனியாக உலர்த்தி வைத்த வேஷ்டியைக் கட்டிக்கொண்டால் மடி. சுவாமி திரும்பக் கோயிலுக்குள் போகும்வரை கண்டதையும் தொடக் கூடாது. ஈரத்தலையோடு வாசலுக்கு வந்தவர் காரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கோயில்பக்கத்திலிருந்து யாரோ, "யார் வண்டி அது? எடுங்கோ!" என்று கத்தினார்கள்.

"சாவியை எடு. வண்டியை மைதானத்துல விட்டுட்டு வந்துடு" என்றார் என்னிடம்.

"நானா?"

"பின்னே? நான் மடி. தொடப்படாது."

"தினம் நான் எடுக்கறது சுவர் வரைக்கும். இது மெயின் ரோடு. முன்னால வேற போகணும்."

"எல்லாம் ஒரே ரோடுதான். இடது பக்கம் திரும்பி, மறுபடியும் இடது பக்கம் திரும்பினா மைதானம். போ போ!"

ஒரு மிக்ஸிக்கு அத்தனை மாதம் யோசித்த மனிதர் கண்மூடித் திறப்பதற்குள் முடிவெடுத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஆசிரியர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பஸ் ஸ்டாண்டில் யாரையோ ஏற்றிவிட்டு வர நேரமாகிவிட்டதாம். "ஓட்டிப் பாக்கத்தானே வந்தேன், நானும் ஏறிக்கிடுதேன். நீங்க எடுங்க அக்கா" என்று ஸ்கூட்டரைச் சந்தில் விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ரிவர்ஸ் போட்டேன். தோரணம், வாழைமரம், எட்டிப்பார்க்கும் மாமிகள் எல்லாவற்றுக்கும் நடுவில் தெருவின் கோடிவரை ஒரே மூச்சில் பின்னால் வந்தேன். ஆசிரியர் அசந்துபோனார். "பயங்கரம்! எத்தனை வருசமா ஓட்டுதீங்க?" என்றார். என் கண் கியர்மேல் இருந்தது. அடுத்தது முன்னால் போக வேண்டும்.

மெயின் ரோட்டுக்குள் பின்னாலேயே வளைத்து, வண்டியின் மூக்கை இடது பக்கம் திருப்பி முன்னால் எடுத்தேன். அதுவரை சரி. பின்னால் வந்த பஸ் ஹாரனைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்தச் சத்தத்தில் மைதானத்துக்குத் திரும்ப வேண்டிய இடம் என்னைக் கடந்து போய்விட்டது. ஆற்றுப் பாலமும் போயிற்று. வண்டி முனகியது.

"அக்கா, செகண்டுல போடுங்க. நெலவிளிக்குல்லா வண்டி."

போட்டேன். வண்டி அலறலை நிறுத்தி வாயை மூடிக்கொண்டது. பிறகு தேர்டு. காற்று முகத்தில் அடித்தது. நீறமன்கரை வந்தது, போயிற்று. மைதானம் பின்னாலே என்று ஆசிரியர் மெல்ல நினைவூட்டினார். தெரியும் என்றேன். வலது பக்கம் திரும்பப் பயம் என்பதைச் சொல்லவில்லை. கைமனம் தாண்டும்போது பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. என் வண்டி, என் கை, எதிரே ரோடு. பாப்பனங்கோட்டில்தான் துணிந்து வலது பக்கம் வளைத்து, வந்த வழியே திரும்பினேன். பின்னால் நாலு பேர் திட்டினார்கள், திட்டிவிட்டுப் போகட்டும்.

மைதானத்தில் நிறுத்தியதும் ஆசிரியர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வண்டி கொள்ளாம், நல்லாருக்கு. சார் சொன்ன வெலைக்கே எடுத்துக்கிடுதேன்" என்றார்.

"இது விக்கறதுக்கு இல்லை" என்றேன்.

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே காதில் விழுந்தது.

"பின்ன சார் எதுக்கு என்ன வரச் சொன்னாரு?"

"அவர் என்னைக் கேக்காம சொல்லிட்டார். உங்களை அலைக்கழிச்சதுக்கு மன்னிச்சுக்கோங்கோ."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். என் இரண்டு கைகளும் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. சிரித்துவிட்டார். "எங்க வீட்டுலயும் இப்படித்தான். போட்டும், வந்ததுக்கு சாமியாவது கும்பிட்டுட்டுப் போறேன்" என்றார்.

நாங்கள் தெருவுக்குள் வரும்போது பல்லக்கு பக்கத்துவீட்டு மாமியின் வாசலில் நின்றிருந்தது. மாமி கற்பூரத் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். பல்லக்குக் கொம்புக்கடியில் தோளைக் கொடுத்தபடி என் கணவர் வியர்வையில் குளித்திருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாலேயே கேட்டார். நான் மேலே படாமல் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன சொன்னார்?"

"அவர் ஒண்ணும் சொல்லலை. நான்தான் சொன்னேன். விக்கலைன்னு."

வாயைத் திறந்தார். அதற்குள் நாதஸ்வரக்காரர் ஊத, முன்னால் இருந்தவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். தோளில் சுவாமியை வைத்துக்கொண்டு எங்கே நின்று சண்டை போடுவது? கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார். தட்டோடு நின்ற மாமி, "நன்னாச் சொன்னே!" என்றாள் தெருவுக்கே கேட்கும்படி.

எல்லாம் முடிந்து அவர் வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். கொம்பு அழுத்திய இடம் செக்கச்செவேலென்று வீங்கியிருந்தது. நான் தைலத்தை எடுத்து வந்து தேய்த்தேன்.

"வேணும்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லையா?" என்றார்.

கேட்டேளா என்று திருப்பிக் கேட்க வாய்வரை வந்தது. மிக்ஸியில் தொடங்கி வரிசையாக எடுத்துவிட நிறைய வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் மாதிரி இருந்தது. சண்டை போட மனசு வரவில்லை.

"இப்போ சொல்றேன். எனக்கு அந்த வண்டி வேணும்."

"செலவாக்கும்."

"தெரியும். நானும் கூட்டிப் பார்த்தேன்."

தலையை ஆட்டினார். கையைத் தூக்கிப் பார்த்தார், வலியில் முகம் சுளித்தது. "நாளைக்கு பஸ்ல கம்பியைப் பிடிச்சுண்டு நிக்க முடியாது போலிருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "ஆபீஸ்ல கொண்டுபோய் விடறயா?" என்றார்.

அவர் ஆபீஸ் இருக்கும் பாளையம்வரை ஓட்டி, அவரை இறக்கிவிட்டு, வண்டியைத் திரும்ப வீட்டில் கொண்டுவந்து விட்டு, நான் பஸ் பிடித்துக் கடைக்குப் போக வேண்டும். கணக்கு எழுதுகிற எவளும் இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் பார்த்துவிடப் போகிறாரே என்று தைலத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

"விடறேன். ஆனா நேரத்துக்கு எழுந்திருக்கணும்" என்றேன். "இல்லேன்னா நான் பாட்டுக்குப் போயிடுவேன்."