லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது

அந்தக் கடைத்தெருவில் அவரை எல்லோரும் ஒயர்க்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒயர் மட்டும்தான் விற்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. கம்ப்யூட்டரின் யூஎஸ்பி ஓட்டையில் செருகினால் சுற்றுகிற, எரிகிற, ஆடுகிற எந்தக் கண்றாவியும் அவரிடம் கிடைக்கும். டீ கப்பைச் சூடாக வைத்திருக்கும் தட்டு, மூக்குக்கு நேரே காற்று வீசும் கையளவு ஃபேன், கீபோர்டில் விழுந்த பிஸ்கட் தூளை உறிஞ்சும் பன்றிக்குட்டி, கட்டைவிரலை வெட்டி வைத்த மாதிரி ஒரு பென் டிரைவ். ஒரே ஒரு டின் பிடிக்கிற குட்டி ஃபிரிட்ஜ்கூட உண்டு. அது எதையும் குளிரவைத்ததாகச் சரித்திரம் கிடையாது.

வாங்கிப் போனவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தால், அவரிடம் ஒரே கேள்விதான்.

“லைட் எரியுதா?”

“எரியுது. ஆனா போட்டோ ஒண்ணும் ஏற மாட்டேங்குதே?”

“லைட் எரியுதுல்ல? அப்ப ஒயர் நல்ல ஒயர்தான். உங்க கம்ப்யூட்டரைப் பாருங்க.”

வாய் கூசாமல் சொல்வார். சரக்கின் லட்சணம் அவருக்குத் தெரியாதா என்ன? நாலு கம்பி இருக்க வேண்டிய ஒயருக்குள் இரண்டே கம்பி. கரண்ட் போகும், சேதி போகாது. கீழ் டிராயர் முழுக்க அந்த மலிவுச் சரக்குதான் கிடக்கும். போன் சார்ஜ் ஏறினால் போதும் என்றுதானே வாங்குகிறார்கள், இதில் என்ன பாவம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வார்.

அதற்காக மனுஷர் கல்நெஞ்சக்காரர் என்று எண்ணிவிட வேண்டாம். மனைவி போன பிறகு ஒரே மகளை அந்தக் கடைக்குள்ளேயே வளர்த்து ஆளாக்கினவர். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வந்து அட்டைப்பெட்டிகள் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். புதுச் சரக்கு வந்தால் அவள்தான் பிரிக்க வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது. ஃபிரிட்ஜுக்கு ‘அலமாரி’ என்று பெயர் வைத்ததும் அவள்தான். அப்பாவுக்கும் மகளுக்கும் மூக்கு ஒரே அச்சு, வீம்பும் ஒரே அச்சு.

அந்த வீம்புதான் வினையாகப் போனது. கூட வேலை பார்க்கும் ஒருவனைக் கட்டிக்கொள்வேன் என்று மகள் நின்றாள். பையனிடம் ஒரு குறையும் இல்லை. தன்னிடம் கடைசியாகச் சொன்னாள் என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. “என்னைக் கேக்காம முடிவு பண்ணினவ, என்னைக் கேக்காமலே கட்டிக்கோ!” என்று சொல்லிவிட்டுக் கல்யாணத்தன்று கடையைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். அவனுடைய நம்பரை ப்ளாக் செய்தார். ‘அந்தப் பையன்’ என்பதற்கு மேல் மாப்பிள்ளை என்று உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் மகள் கடைக்கு வந்தாள். விற்பனைக்கு அடுக்கியிருந்ததிலிருந்து ஒரு ஜோடி பென்குவின் பொம்மையை எடுத்தாள். ஒன்றை அவர் கம்ப்யூட்டரில் செருகினாள், மற்றதைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

“பேச வேண்டாம்பா. பேசினா உங்க கௌரவம் குறைஞ்சிரும். இது தலையில ஒரு தட்டு தட்டுங்க, நெட் வழியா அங்க என்னோடது இறக்கையைத் தூக்கும். நான் தட்டினா உங்களோடது தூக்கும். அப்பா இருக்காருன்னு தெரிஞ்சா எனக்குப் போதும்.”

மறுநாள் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலையாகப் பென்குவினின் தலையில் தட்டினார். கொஞ்ச நேரத்தில் அது ‘டக்’ என்று இறக்கையைத் தூக்கி இறக்கியது. அவ்வளவுதான், சாமி! அன்றிலிருந்து அந்தத் தட்டு இல்லாமல் அவருக்கு வியாபாரமே ஓடாது. கடை பூட்டியிருக்கும் நாளில் அவள் தட்டினாலும் வீணாகாது. அது எங்கேயோ காத்துக் கிடந்து, கம்ப்யூட்டரைப் போட்டதும் வந்து சேரும். திங்கட்கிழமை காலையில் பென்குவின் தானாக ஒரு தடவை இறக்கையைத் தூக்கும். “நேத்து லீவுன்னு தெரியாதா உனக்கு?” என்று அதனிடம் சிரிப்பார். அப்பனும் மகளும் ஒரு வார்த்தை பேசாமல் வருஷக்கணக்காக இப்படிக் கொஞ்சிக்கொண்டார்கள்.

ஒருநாள் பென்குவினின் ஒயர் தோல் உரிந்து பல்லைக் காட்டியது. ஒயர்க்காரருக்கு ஒயருக்கா பஞ்சம்? ஒருவரிடம் பேரம் பேசிக்கொண்டே கீழ் டிராயரில் கையை விட்டார். வந்ததை உருவி மாட்டினார். பென்குவினின் வயிற்றில் லைட் பளிச்சென்று எரிந்தது. சரி என்று வியாபாரத்துக்குத் திரும்பினார்.

மறுநாள் தட்டினார். பதில் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஒயரைப் பார்க்கவே இல்லை அந்த மனுஷர்! லைட்தான் எரிகிறதே. பொம்மையில் கோளாறில்லை, மகளுக்குத்தான் மனசு விட்டுப்போயிற்று என்று முடிவு கட்டினார். அவளுடைய நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்திருந்துவிட்டு, போனைத் திரும்பக் கவிழ்த்து வைப்பார். ‘அவளுக்கே வேண்டாம்னா எனக்கென்ன வந்தது’ என்று சொல்லிக்கொண்டார். சில வாரங்களில் தட்டுவதையும் நிறுத்தினார். சோறு இறங்கவில்லை, யாரோடும் சிரிப்பும் இல்லை.

மழைக்காலம் முடிகிற சமயம் ஒரு காலையில் அந்தப் பையன் கடை வாசலில் வந்து நின்றான். தாடி வளர்ந்திருந்தது. தோளில் ஒரு பை.

“அவ எங்க?” என்றார் ஒயர்க்காரர்.

“போயிட்டா மாமா.”

ரத்தத்தில் வந்த வியாதி என்றான். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி, கடைசியில் ஒன்றும் பலிக்கவில்லை. உயிர் போன அன்றைக்கு, பூட்டிக் கிடந்த அவளுடைய போனைத் திறக்க முடியாமல், எந்தெந்தப் போனிலிருந்தோ கூப்பிட்டும் அவர் எடுக்கவில்லை என்றான். தெரியாத நம்பரை அவர் என்றைக்கு எடுத்திருக்கிறார்? எல்லாம் முடிந்த பிறகு நேரில் வந்திருக்கிறான்.

“முன்னாடியே சொல்றதுக்கென்னடா? நான் ஓடி வந்திருப்பேனே!”

“நான் கெஞ்சினேன் மாமா. கேக்கல. அப்பா தட்டட்டும், தட்டினதும் நானே பேசறேன்னா. தினமும் தட்டிப் பாத்தா. அப்பாவுக்குக் கோவம்னா. அப்புறம், இல்ல, பொம்மைதான் கெட்டுப்போயிருக்கும், அப்பாகிட்ட குடுத்துப் பாக்கச் சொல்லுங்க, அவருக்குப் பாத்த உடனே தெரியும்னா.”

பையிலிருந்து பென்குவினை எடுத்துக் கண்ணாடி மேஜை மேல் வைத்தான். அவள் கைபட்டுக் கைபட்டு அதன் தலையில் சாயம் போயிருந்தது.

ஒயர்க்காரரின் கைகள் பழகின வேலையைத் தாமாகச் செய்தன. அதைக் கம்ப்யூட்டரில் செருகினார். ‘டிங்’ என்று கம்ப்யூட்டர் அதை அடையாளம் கண்டு குரல் கொடுத்தது. கெடவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவர் அப்படியே நின்றுவிட்டார். தன் பென்குவினுக்குப் புது ஒயர் மாட்டின அன்றைக்கு இந்த ‘டிங்’ வரவில்லை. வரவே இல்லை. குனிந்து அந்த ஒயரைத் தொட்டுப் பார்த்தார். சன்னமாக, கனமே இல்லாமல் இருந்தது. ஊரையெல்லாம் ஏமாற்றின இரண்டு கம்பி ஒயர்.

“ஐயோ” என்றார். “ஐயோ, என் கண்ணே.”

மகளின் ஒயரைக் கழற்றித் தன் பென்குவினில் மாட்டினார். மூன்று தடவை குறி தவறியது. ‘டிங்’ என்றது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு பென்குவின் இறக்கையைத் தூக்கியது. இறக்கியது. மறுபடி தூக்கியது. மறுபடி.

இத்தனை மாதமும் எங்கேயோ காத்துக் கிடந்ததெல்லாம் வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் தட்டினது, தெம்பில்லாமல் தட்டினது, அப்பா இருக்காரா என்று தட்டினது. ‘டக், டக்’ என்று நிற்காமல் அடித்தது. ஒயர்க்காரர் மேஜையைப் பிடித்துக்கொண்டு, “இருக்கேன்டா, இருக்கேன்டா” என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னார்.

பார்க்கப் பொறுக்காமல் அந்தப் பையன் ஒயரைப் பிடுங்கக் கையை நீட்டினான். அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம் மாப்ள,” என்றார். “அவ முடிக்கட்டும்.”