மாப்பிள்ளை போட்டோவும் ஒரு சட்டி வெந்நீரும்

கேமராவிலிருந்து வெளியே விழுந்ததும் தானாகவே உருவம் தெரிகிற ஃபிலிமில் கைவேலை செய்வது என்றால், வெந்நீர், பேனா, ஃபிரிட்ஜ், பொண்டாட்டி நாலையும் ஒரே நேரத்தில் சமாளிப்பது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எனக்கு ராத்திரி ஷிப்ட். பகலில் தூக்கம் வராது. படுத்தபடி ஃபேனைப் பார்த்தால் இல்லாத கவலையெல்லாம் வரும். அதற்கு இது தேவலை என்று போனில் வீடியோ பார்த்துப் படித்துக்கொண்டேன். ஆசைப்பட்டு வாங்கிய சாமானைக் கெடுத்துவிட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவர் உங்களில் யாராவது இருந்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

வில்லங்கம் வந்த வழி

மாடசாமி எங்கள் மில் ஃபிட்டர். வயசு முப்பத்தாறு, முன்மண்டை காலி. போட்டோ போன வீடுகளிலிருந்து பதிலே வராமல் நின்றுபோன சம்பந்தங்கள் அவனுக்கு நிறைய. இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு பெண் அமைந்திருந்தது. பெயர் கோமதி, மருந்துக்கடையில் வேலை. இதுவும் போனால் இனி பெண் தேடுவதில்லை என்று அவன் அம்மா கையை விரித்துவிட்டார்.

பெண்ணின் அப்பா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். போனில் எடுத்த படம் ஆகாது, அதில் எல்லாரும் பளபளவென்று ஒரே மாதிரி இருக்கிறார்கள். கேமராவிலிருந்து நேரே விழுகிற படம்தான் வேண்டும், அதில் தகிடுதத்தம் செய்ய முடியாது. அதில் தகிடுதத்தம் செய்யப் படித்துக்கொண்டிருக்கிற ஒரே ஆள் இந்த வட்டாரத்தில் நான்தான் என்பது மாடசாமிக்குத் தெரியும். "அண்ணே, பெரிய பொய்யெல்லாம் வேண்டாம். முன்னாடி மட்டும் கொஞ்சம் முடி வச்சுக் குடுங்க. கல்யாணத்துக்குப் பொறவு கொட்டிருச்சுன்னு நான் சொல்லிக்கிடுதேன்."

ஃபிரிட்ஜில் ஒரு ஆள்

பாக்கெட்டில் மூணே ஃபிலிம் மிச்சம். முதல் படத்தை மொட்டை மாடி வெயிலில் எடுத்தேன். மண்டை மினுமினுப்பைக் கொஞ்சம் அமர்த்தலாம் என்று, உருவம் தெரிவதற்குள் ஃபிரிட்ஜில் தோசைமாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். குளிர் பட்டால் படம் நீலம் பாயும் என்று வீடியோவில் சொன்னார்கள். எம்புட்டு நீலம் என்று சொல்லவில்லை. மாடசாமி கையில் வாங்கிப் பார்த்தான். "பெருமாள் மாதிரில்லா இருக்கேன்! பொண்ணு கன்னத்துல போட்டுட்டு உள்ள போயிரும்ணே."

முடி நடவு

படம் தெளிந்து வரும்போதே மேலே அழுத்திக் கீறினால், உள்ளே இருக்கிற மருந்து நகர்ந்து கோடு விழும். மை தீர்ந்த பேனாவை எடுத்து, இரண்டாவது படத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முடியாகப் போட்டேன். சுருட்டை கூட வைத்தேன். செத்த நேரத்தில் படம் தெளிந்தது. கோடெல்லாம் வெள்ளையாக நின்றது. என் மனைவி ராஜி காய் நறுக்குவதை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். "இம்புட்டு கஷ்டப்பட்டு நரைமுடியா நட்டீங்க?"

தோல் உரித்தது

கடைசி ஃபிலிம். படத்தின் ஓரத்தை வெட்டிவிட்டு வெந்நீரில் ஊறப்போட்டால், உருவம் மட்டும் பாலாடை மாதிரி தனியாகக் கழன்று மிதக்கும். அதைப் பிரஷ்ஷால் ஏந்திக் கெட்டி அட்டையில் ஒட்டவேண்டும். ஈரத்தில் இழுத்த இழுப்புக்கு வரும் என்பதால், பின்மண்டை முடியை முன்னால் இழுத்துவிடுவது என் திட்டம். முடி வந்தது. கூடவே நெற்றி, கண், கன்னம் எல்லாம் வந்தன. திரும்ப நீவிவிடுவதற்குள், புழுங்குகிறது என்று ராஜி ஃபேனைப் போட்டுவிட்டாள். முகம் சுருங்கினது சுருங்கினபடி காய்ந்துவிட்டது. முடி பழையபடி பின்னால் போய்விட்டது.

 மாடசாமி அட்டையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தான். "அண்ணே, இது எங்க தாத்தா. அவருக்கா பொண்ணு பாக்கப் போறிய?"

மடவார் வளாகத்தில்

வேறு படம் இல்லை, அன்றைக்கே கொண்டுவருவதாகப் பெண் வீட்டில் சொல்லியிருந்ததால் நாள் தள்ளவும் வழியில்லை. அதையே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த ஊருக்குப் பால்கோவா வாங்கிப் போனால் சிரிப்பார்கள் என்று ஒரு சீப்பு வாழைப்பழம். கோமதியின் அப்பா படத்தை வாங்கி, கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ளைக்கு எம்புட்டு வயசு தம்பி?"

"முப்பத்தாறு, அண்ணாச்சி."

"சரி. படத்துக்கு?"

நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன், ஃபிரிட்ஜ் உட்பட. அவர் படத்தைத் திருப்பி நீட்டினார். நான் வாங்குவதற்குள் உள்ளேயிருந்து வந்த கோமதி வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். என் வேலையை யாரும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.  அவள் திரும்பாமலே சொன்னாள்: "எழுவது வயசுல இவுக இப்படித்தான் இருப்பாகன்னா எனக்குச் சம்மதம்ப்பா. முடி கொட்டிருமேன்னு பயப்படுத வேலையும் மிச்சம்."

ஊரெல்லாம் போட்டோவில் வயசைக் குறைத்துச் சம்பந்தம் முடிக்கிறது. நான் முப்பத்துச் சொச்சம் வருஷம் கூட்டி முடித்தேன்.