பொட்டலம் பிரியும் முன்னே: ஒரு திருத்தணிப் பயணம்

பெரிய பேரன் ஓசூரில் இன்ஜினியர். அடுத்தவன் திருவள்ளூரில் பல் டாக்டர், வலிக்காமல் பிடுங்குவான். இவர்கள் தங்கை இருவரையும் தாண்டிவிட்டாள். மண்ணும் நீரும் கெடுவதைப் பற்றிப் பல தேசத்தார் கூடிப் பேசும் கூட்டத்துக்கு விமானத்தில் போய் வந்தாள். யாருக்கு எவ்வளவு கேடு வரும் என்று நிச்சயமாகத் தெரியாததால் ஒப்பந்தத்தில் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை என்று போனில் சலித்துக்கொண்டாள். தெரியாததை வைத்தே நாங்கள் ஒரு காரியம் முடித்தோமடி என்றேன். எழுபதுகளில் ஓர் ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணி போனபோது நடந்தது. மலைக்குப் போகிறவர்களுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். ஏரிக்கு இந்தக் கரை நாங்கள். அந்தக் கரை ஆந்திரா, என் அக்காவைக் கொடுத்த ஊர். இரண்டு ஊரிலும் தறி. நூலுக்குச் சாயம் போட்ட தண்ணீர் எல்லாம் ஏரியில்தான் விழும். குடிக்கிற கிணறுகளில் நிறம் தெரிய ஆரம்பித்தது. யார் சாயம் யார் கிணற்றுக்குப் போகிறது என்று எந்த அதிகாரியாலும் சொல்ல முடியவில்லை. உங்களுடையது என்று அவர்கள், உங்களுடையது என்று நாங்கள். சாயத் தண்ணீருக்குப் பொதுவாக ஒரு குட்டை வெட்டலாம் என்றால், எங்கள் பக்கம் வேண்டாம் என்றார்கள் இரண்டு ஊராரும். கடைசியில் இரண்டு நிறப் பூவைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, முருகன் முன் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. எடுத்த பொட்டலத்தில் வெள்ளைப் பூ வந்தால் குட்டை எங்கள் ஊரில், சிவப்பு வந்தால் அவர்கள் ஊரில்.

விடிகாலை முதல் பஸ். ஒன்றரை மணி நேரப் பயணம், காவடிக் கூட்டத்தில் நின்றுகொண்டேதான். படியேறிப் போனால் அக்கா புருஷன், எங்கள் பாவா, தன் ஊராரோடு முன்பே உட்கார்ந்திருந்தார். பொட்டலங்களைச் சந்நிதி முன் வைத்தாயிற்று. குட்டை எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள் ஆண்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

"பாவா, பிரிச்சப்புறம் பேசினா, குட்டை வராத ஊரு சின்னதா போதும்னு சொல்லும். எந்த ஊருன்னு இப்ப யாருக்கும் தெரியாது. இப்பவே பேசிடுங்க."

"உன்ன அஞ்சாங்கிளாசோட நிறுத்தினாங்களே, நல்லவேளை," என்றார் பாவா. "வக்கீலா வந்து எங்க உயிர வாங்கியிருப்ப."

சிரித்து முடித்ததும் பேச்சு மாறியது. நேற்றுவரை ஒரு பள்ளம் போதும் என்ற பாவாவே, அடியில் களிமண் போட்டு மிதித்துக் கெட்டியாக்க வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர், கிணறுகளிலிருந்து கால் மைலாவது தள்ளி இருக்கட்டும் என்றார். கரை உயரமாக வேண்டும். வெட்டவும் தூர்வாரவும் இரண்டு ஊரும் ஆள் அனுப்ப வேண்டும். தன் ஊருக்கே வந்துவிட்டால் என்ற பயத்தில் எல்லாரும் நல்லதையே கேட்டார்கள். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்த பிறகே, தரிசனத்துக்கு வந்த ஒரு சிறுமியைப் பொட்டலம் எடுக்கச் சொன்னோம்.

வெள்ளை.

என் வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போனது. பாவா அவர் தோளில் கை போட்டார்.

"மூஞ்சத் தூக்கு சகல. நாளைக்கு குட்டை வெட்ட மம்முட்டி கூடையோட நாங்க வந்துகினே இருப்போம்."

எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றார்கள். இரண்டு மழைக்காலம் போனபின் கிணற்றுத் தண்ணீரில் வெள்ளை வேட்டி ஒன்றை அலசிப் பார்த்தேன். வெள்ளையாகவே வந்தது. அன்று இரண்டு ஊரிலும் பொங்கல் வைத்தோம்.

யாருக்கு வரும் என்று தெரிந்துவிட்டால் தப்பித்தவன் எழுந்து போய்விடுவான். தெரியாத வரைதான் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். அப்போதே பேசிவிட வேண்டும்.

ஆடிக்கிருத்திகைக்குப் போகிறவர்கள் வெயிலுக்கு முன் படியேறிவிடுங்கள், கல் சுடும். எங்கள் குட்டைக்கு அன்றிலிருந்து பூக்குட்டை என்றே பெயர்; பள்ளிப்பட்டில் இறங்கிக் கேட்டால் இன்றும் வழி காட்டுவார்கள். எனக்குப் போய்ப் பார்க்க முழங்கால் விடவில்லை. என்னிடம் உள்ள படத்தில் கரையில் ஒரு செடிகூட இல்லை. இப்போது புங்கமரம் நிழல் கட்டி நிற்கிறதாம். போகிறவர்கள் புதிதாக ஒரு படம் எடுத்து இங்கே கீழே போடுங்கள், இரண்டு ஊர் ஆட்களும் சேர்ந்து நிற்கிற மாதிரி.