அறை எண் ஏழுக்கு வரவும்

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆனால் படாளத்தில் நான் கட்டிய வீடு இன்றுவரை ஒரு விரிசல் விடவில்லை. அதில் பாதி என் கை வேலை. தொண்ணூறுகளில் செங்கல்பட்டில் ஒற்றைக் கம்ப்யூட்டரை வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை போட்டேன். எந்தக் கட்டையைத் தட்டினால் எந்தத் தமிழ் எழுத்து விழும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி நானே கற்றேன். மகனை இன்ஜினீயர் ஆக்கினேன். பிறகு, மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலையில் ஒரு பல்கலைக்கழகத்தில் நாற்பத்திரண்டு பாடங்களுக்கு இணையப் பக்கம் கட்டினேன். சுற்றிலும் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் இருந்தார்கள். கட்டியது நான்.

கடைசியாகச் சொன்னதைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டும். மற்றதையெல்லாம் யாரும் மறுக்கவில்லை.

கடை படுத்ததும் அந்தப் பல்கலைக்கழகத்தில் கேள்வித்தாள் டைப் அடிக்கச் சேர்ந்தேன். கீழ்த்தளத்தில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஏழாம் எண் அறை. உடைந்த மானிட்டர்களும் நானும். அதற்கு முந்தின வருடம்தான் மனைவி போய்ச் சேர்ந்திருந்தாள். மகன் புனேவில். காலையில் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்பேன், மாலையில் கேண்டீன்காரரிடம் டீ கேட்பேன். ஒரு நாளைக்கு என் பேச்சு அவ்வளவுதான்.

"இன்னா அண்ணாத்த, தனியாவே குந்திகினு கீறியே, அந்த ரூம்புல பேயோட குடித்தனம் பண்றியா?" என்பார் கேண்டீன்காரர்.

"பேய் இருந்தா தேவலாம்பா. அதுவாவது எதுனா பேசும்."

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆனபோது எல்.எம்.எஸ். என்ற மென்பொருளை வாங்கினார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பக்கம்; பாடக்குறிப்பு, பயிற்சி எல்லாம் அதில் இருக்கும். ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. புரொஜெக்டர் தூக்கிப் போன நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். ஆசிரியர்களுக்கு நேரமில்லை. துறைத்தலைவர் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"நீங்கதான் பத்திரிகையெல்லாம் அழகா செட் பண்ணுவீங்களே. ஒரு மாதிரிப் பக்கம் பண்ணிடுங்க. அதையே எல்லாத்துக்கும் காப்பி போட்டுடலாம்."

டெம்ப்ளேட் என்று அவர்கள் சொன்னது அறை பிரித்துக் கட்டிய காலி வீடு. மென்பொருளோடு சில வந்திருந்தன. எதுவும் நம் பிள்ளைகளுக்குச் சரிப்படவில்லை. ஒன்றை எடுத்துப் பிரித்து மறுபடி கட்டினேன். மேலே வரவேற்பு. அடுத்து ஆசிரியர் பெயர், அறை, சந்திக்கும் நேரம். அதற்குக் கீழே வாரத்துக்கு ஒரு கட்டம். ஒவ்வொன்றிலும் முதலில் குறிப்பு, பிறகு பயிற்சி, பிறகு விடையைப் போடும் இடம். எந்தப் பாடத்தைத் திறந்தாலும் எல்லாம் அதே இடத்தில் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

பத்திரிகைக் கடையில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மாதிரியில் எந்த இடத்தையும் காலியாக விடமாட்டேன். காலி இடத்தைக் காட்டினால் வாடிக்கையாளர் குழம்பிப் போவார். அதனால் என் கல்யாண விவரத்தையே, மனைவி பெயர் முகூர்த்த நேரம் உட்பட, நிரப்பி வைத்திருப்பேன். வருகிறவர்கள் அதை அடித்துத் தங்கள் விவரத்தை எழுதுவார்கள். இங்கேயும் அப்படியே செய்தேன். "சந்தேகம் இருந்தால் கீழ்த்தளம், அறை எண் ஏழுக்கு வரவும். மாலை மூன்று முதல் ஐந்து வரை." நாற்பத்திரண்டு காப்பி போட்டோம். பத்திரிகையில் ஒரு எழுத்து பிசகினால் சண்டைக்கு வருகிற ஊர் இது. பாடப்பக்கத்தை மட்டும் யாரும் படித்துப் பார்க்கவில்லை. ஆசிரியர்கள் தங்கள் பெயரைப் போட்டார்கள்; கீழே இருந்த வரியைத் தொடவே இல்லை.

ஒருநாள் மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது. நோட்டோடு ஒரு பெண், கட்டடக்கலை இன்ஜினீயரிங் படிக்கிறவள்.

"சார், பீம்ல ஒரு டவுட்டு சார்."

அதுவரை என்னை அங்கே யாரும் சார் என்றதில்லை.

"யாரு சொல்லிம்மா இங்க வந்தே?"

"பாடப் பக்கத்துல போட்டுகீதே சார். அறை ஏழுன்னு."

கம்ப்யூட்டரில் பார்த்தேன். என் வரி அப்படியே நின்றது. உண்மையைச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் வாயில் வந்தது வேறு.

"உட்காரும்மா. கணக்கு எனக்குத் தெரியாது. ஜன்னலுக்கு மேல லிண்டல் போடாம விட்டா சுவரு எங்க பிளக்கும்னு தெரியும்."

என் வீட்டு ஜன்னலை வரைந்து காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே பாரம் எந்தப் பக்கம் இறங்கும் என்று அதில் அம்புக்குறிகள் போட்டாள்.

பிறகு தினமும் வந்தார்கள். பாதிப் பேருக்கு விடைத்தாளை ஏற்றத் தெரியவில்லை; நான் சொல்லிக் கொடுத்தேன். மானிட்டர்களை ஒதுக்கி நாற்காலி போட்டேன்.

"அஞ்சு டீயா! இன்னா அண்ணாத்த, புரொபசர் ஆயிட்டியா?" என்றார் கேண்டீன்காரர்.

மூன்று வாரம் அப்படி ஓடியது. துறைத்தலைவர் அம்மாவே ஒருநாள் கீழே இறங்கி வந்தார்.

"பசங்க இங்க வரிசையில நிக்கறாங்க, வாத்தியாருங்க மாடியில ஈ ஓட்டறாங்க. யார் பண்ண தப்பு இது?"

"நான்தான் மேடம்."

"எல்லாத்தையும் மாத்துங்க."

காப்பி போட்ட பிறகு மாதிரியைத் திருத்திப் பயனில்லை. ஒவ்வொரு பக்கமாகத் திறக்க வேண்டும். திறந்தேன். ஒரு பாடத்தின் அறை எண்ணை மாற்றினால் மறுநாள் அந்தப் பாடத்துப் பிள்ளைகள் வரமாட்டார்கள். இப்படி என் கையாலேயே ஒவ்வொருவராக அனுப்பி வைத்தேன். பீம் பாடத்தை மட்டும் இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். இரண்டாம் நாள் அந்தப் பெண் வந்தாள்.

"எங்க மேம் ரூம் மூணாவது மாடியாமே சார்?"

"ஆமாம்மா. இனிமே அங்கதான்."

"அவங்களுக்கு ஜன்னல் கதையெல்லாம் தெரியாது சார்."

அவள் போன பிறகு அதையும் மாற்றினேன். அடுத்த நாள் மூன்று மணிக்குப் பழக்கத்தில் கதவைப் பார்த்தேன். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

வருடக் கடைசியில் பல்கலைக்கழகத்தின் தரத்தைச் சோதிக்க வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எங்கள் ஆசிரியர்கள் பக்கங்களைத் திரையில் காட்டினார்கள்; புரொஜெக்டரை இயக்கியது நான். எல்லாப் பாடமும் ஒரே ஒழுங்கில் இருக்கிறதே என்று வந்தவர்கள் பாராட்டினார்கள். பக்கத்தின் அடியில் 'வடிவமைப்புக் குழு' என்று போட்டு ஐந்து டாக்டர்களின் பெயர்கள். என் பெயர் இல்லை. துறைத்தலைவர் அம்மாவிடம் கேட்டேன்.

"குழுன்னா நீங்களும் அதுல அடக்கம்தானே?"

"தப்பு நடந்தப்போ குழுவைக் கேக்கலியே மேடம்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். போன மாதம் என் தம்பி பேத்தி அங்கே சேர்ந்து தன் பாடப்பக்கத்தைத் திறந்து காட்டினாள். மேலே வரவேற்பு. வாரத்துக்கு ஒரு கட்டம். குறிப்பு, பயிற்சி, விடையைப் போடும் இடம். நிறம் மாறியிருக்கிறது, நான் வைத்த ஒழுங்கு மாறவில்லை. அடியில் அதே ஐந்து பெயர்கள்.

இங்கே நான் யார் பெயரையும் எழுதவில்லை. உங்களுக்கே தெரியும் நீங்கள் யார் என்று. அந்த ஐந்தையும் எடுக்கச் சொல்லவில்லை. ஆறாவதாக என் பெயரைச் சேருங்கள், பொடி எழுத்தானாலும் பரவாயில்லை. பக்கத்தை எப்படித் திருத்துவது என்று தெரியாவிட்டால் சொல்லி அனுப்புங்கள். நானே வந்து போட்டுவிட்டுப் போகிறேன்.